திட்டமிடுபவரின் மனமும் எங்கள் தண்ணீரும்

கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகும் வீதியால் கிழக்கு நோக்கி நடந்தால் தோட்டங்கள் முடிந்து வயல் வரும். வயல் முடிந்து உவர்த் தரவை வரும். அதற்கப்பால் உப்பாறு. மாரியில் அந்த நீரேரி நிரம்பி நிற்பதைப் பார்ப்பவருக்கு, இந்த ஊருக்குத் தண்ணீர்க் கஷ்டம் என்று சொன்னால் நம்பிக்கை வராது. ஆனி, ஆடியில் வந்து பார்த்தால் அதே இடத்தில் வெடித்த சேறும் உப்புப் பொருக்கும்தான்.

இந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஒருவர், "இது முழுவதும் ஒரு நன்னீர் ஏரியாக இருக்க வேண்டும்" என்பார். இன்னொருவர், "இந்தத் தடுப்பு வரம்பை இன்னும் ஓரடி உயர்த்தினால் என் ஆறு பரப்பு வயல் தப்பும்" என்பார். மூன்றாமவர், "இதற்கு எந்தத் தலைப்பில் காசு ஒதுக்கலாம்?" என்று கேட்பார். மூவரும் கெட்டிக்காரர்தான். பார்ப்பதும் ஒரே தண்ணீரைத்தான். ஆனால் மூவரிடமும் பேனையைக் கொடுத்தால் மூன்று வேறு திட்டங்கள் எழுதப்படும்.

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்களுக்கு இது என்ன பாடம் என்று சிலர் கேட்கலாம். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களும், 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் போனபோது மறுபடியும் பெயர்ந்தவர்களும், வேறு எவரையும்விட அதிகமான திட்டங்களுக்குள் வாழ்ந்திருக்கிறார்கள். நிவாரணத் திட்டம், தற்காலிகக் கொட்டில் திட்டம், வீட்டுத் திட்டம், மீள்குடியேற்றத் திட்டம், வாழ்வாதாரத் திட்டம். இவற்றை எழுதியவர் நல்லவரா, எங்கள் பக்கமா மற்றப் பக்கமா என்று நாம் பார்த்தோம். அவர் எப்படி நினைக்கிற மனிதர் என்று பார்த்ததில்லை. ஒரு திட்டம் நமது காணிக்குப் பொருந்துமா பொருந்தாதா என்பதில் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு.

பாங்கு வேறு, திறமை வேறு

ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு சிந்தனைப் பாங்கு இருக்கிறது. வலக்கைப் பழக்கம், இடக்கைப் பழக்கம் போன்றது இது. மைக்கல் கேர்ட்டன் என்ற பிரித்தானிய உளவியலாளர் 1976 இல் வெளியிட்ட ஆய்வில் மனிதரை ஒரு நீண்ட கோட்டில் நிறுத்திப் பார்த்தார். கோட்டின் ஒரு முனையில், இருக்கும் ஒழுங்குக்குள் நின்று அதைச் சீர்செய்பவர். மறுமுனையில், அந்த ஒழுங்கையே மாற்றிப் பார்க்க விரும்புபவர். பெரும்பாலானோர் இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கிறோம். இதில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று இல்லை. இது திறமையின் அளவு அல்ல, திறமை ஓடும் வாய்க்கால் என்பதே கேர்ட்டன் வற்புறுத்திய விடயம்.

நமது தோட்டத்திலேயே இதைக் காணலாம். கிணறு உவர்க்கத் தொடங்கினால் ஒரு கமக்காரர் இறைப்பு நேரத்தைக் குறைப்பார், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இறைப்பார், பாத்தியைச் சிறிதாக்குவார். பக்கத்துத் தோட்டக்காரர், "இந்தத் தண்ணீருக்கு வெங்காயம் எதற்கு?" என்று கேட்டுப் பயிரையே மாற்றிவிடுவார். முதலாமவரை இரண்டாமவர் 'பழசுக்குள் கிடப்பவர்' என்பார். இரண்டாமவரை முதலாமவர் 'நிலையில்லாதவர்' என்பார். வேலியில் நின்று இருவரும் இருபது வருடம் வாதாடியிருப்பார்கள். ஊர் பிழைத்ததற்கு இருவருமே காரணம்.

அரசாங்க அலுவலகங்களைப் பற்றி இன்னொருவர் சொன்னதையும் இங்கே சேர்க்க வேண்டும். சாள்ஸ் லிண்ட்புளொம் என்ற அமெரிக்க அறிஞர் 1959 இல் எழுதிய கட்டுரையில், நிருவாகிகள் எல்லா வழிகளையும் விரித்து வைத்து ஆராய்ந்து மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில்லை என்று காட்டினார். இன்று இருக்கும் இடத்திலிருந்து ஓரடி, பிறகு இன்னோரடி. பிழைத்தால் திருத்திக்கொண்டு இன்னோரடி. அவர் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எவருக்கும் எல்லாம் தெரியாத உலகில் இதுவே நடைமுறைக்கு ஏற்ற வழி என்றார். கச்சேரிப் படியேறி இறங்கியவர்களுக்கு இது புதிய செய்தி இல்லைதான்.

ஒரு வரைபடம் கண்டவர்

நம்மிடையே முழுவதையும் ஒரே பார்வையில் கண்ட மனம் ஒன்றுக்கு உதாரணம் தேடினால், பொறியியலாளர் ச. ஆறுமுகத்தைச் சொல்லலாம். 1905 இல் பிறந்த அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றியவர். 1954 இல் அவர் முன்வைத்த திட்டமே 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று பெயர்பெற்றது. நீரேரிகளை நன்னீராக்கும் எண்ணம் அவருக்கு முன்பும் பலருக்கு இருந்தது. எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாக இணைத்துக் காட்டியது அவர் வேலை.

அச்சங்கிலி இதுதான். கனகராயன் ஆறு வன்னியில் ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்புகிறது. மிஞ்சும் வெள்ளம் ஆனையிறவு நீரேரியில் விழுந்து கடலுக்குப் போகிறது. ஆனையிறவில் மேற்குப் பக்கத்தையும் சுண்டிக்குளத்தில் கிழக்குப் பக்கத்தையும் மறித்துவிட்டால் அந்த நீரேரி ஒரு குளமாகும். அங்கே சேரும் நன்னீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவரலாம். அங்கிருந்து உப்பாற்றுக்கு விடலாம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணைகள் இருந்தால் மழைநீர் தங்கும், கடல்நீர் ஏறாது. அப்படி நடந்தால் கோப்பாய்க்குக் கிழக்கே இருக்கும் உவர்த் தரவையும் மெல்ல மெல்ல உப்பு நீங்கி வயலாகும்.

இதன் பெறுமதியை அறிய நமது நிலத்தடி நீரைப் பற்றி ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு எதுவும் கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் பாரத்தால் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மறுபுறமாகப் பாருங்கள்: இறைத்து இறைத்து மேலே ஓர் அடியைக் குறைத்தால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். நவக்கிரி நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீரும் இருப்பதற்குக் காரணமும் இதுவே. ஆகவே நீரேரியில் நன்னீர் நின்றால் அதன் பலன் கரையோடு நிற்காது, சுற்றியுள்ள கிணறுகளையும் எட்டும்.

ஆறுமுகம் 1969 இல் இலங்கையின் நீர்வளங்கள் பற்றிப் பெரிய நூலொன்றை எழுதினார். பிற்காலத்தில் ஆலயங்கள் பற்றியும் ஈழத் தமிழரின் வாழ்க்கைக் குறிப்புகள் பற்றியும் நூல்கள் தொகுத்தார். சிதறிக் கிடப்பதை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது அவருடைய மனத்தின் இயல்பு என்று எனக்குப் படுகிறது.

திட்டத்துக்கு என்ன நடந்தது? தொண்டைமானாற்றுக் கதவணை 1950களின் முற்பகுதியிலேயே நின்றது. 1960களில் ஆனையிறவுப் பக்கம் வேலைகள் நடந்தன. முள்ளியான் வாய்க்கால் ஒரு பகுதி வெட்டப்பட்டு நின்றது. பணம் போதவில்லை. பிறகு கதவுகள் உக்கின, அணைகள் கவனிப்பாரற்றுப் போயின, போர் வந்தது. போருக்குப் பின் தொண்டைமானாற்றுக் கதவுகள் புதுப்பிக்கப்பட்டன. சங்கிலி இன்றுவரை முழுமையாகவில்லை.

பணமும் அரசியலும் காரணம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவை காரணங்கள்தான். ஆயினும் இன்னொன்றும் இருக்கிறது. திட்டத்தைக் கண்டது முழுமையைப் பார்க்கும் மனம். அதைக் கட்ட வேண்டியதோ வருடத்துக்கு வருடம் ஒதுக்கீடு பார்க்கும் திணைக்களம். ஐந்து கண்ணியும் சேர்ந்தால்தான் முழுப் பலன் என்ற வேலையை, இந்த வருடம் ஒரு கண்ணி, அடுத்த அரசாங்கத்தில் இன்னொரு கண்ணி என்று செய்யப் போனால், நாலாவது கண்ணி முடியும்போது முதலாவது உக்கியிருக்கும். தொண்டைமானாற்றுக் கதவணை மட்டும் தனியே நின்றும் பயன் தந்தது. மழைநீரை மறிக்க அதற்கு வன்னியிலிருந்து ஆறு வரவேண்டியதில்லை. வெட்டி முடிக்காத வாய்க்காலால் எந்தப் பயனும் இல்லை. லிண்ட்புளொம் சொன்ன மனிதர் ஒருவர் ஆறுமுகத்தின் பக்கத்தில் இருந்திருந்தால், "ஐயா, ஒவ்வொரு கண்ணியும் தனியே நின்றாலும் ஏதாவது தரும்படி வேலையை அடுக்குவோம்" என்று சொல்லியிருக்கக்கூடும். அப்படி ஒருவர் மட்டும் இருந்து ஆறுமுகம் இல்லாதிருந்தால், சங்கிலி என்ற எண்ணமே பிறந்திருக்காது.

சராசரி வருடமும் பொல்லாத வருடமும்

அடுத்த கதை அண்மைக் காலத்தது. 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் தொடங்கியது. இரணைமடு அணையை உயர்த்தி, கூடுதலாகத் தேங்கும் நீரில் ஒரு பங்கைக் குழாய் வழியாகக் குடாநாட்டுக்குக் குடிநீராகக் கொண்டுவருவது எண்ணம். கணக்குப் பிழையானது என்று சொல்ல முடியாது. நல்ல மாரியில் இரணைமடு வான்பாய்ந்து கடலுக்குப் போவதை எல்லோரும் அறிவர். குடாநாட்டுக் கிணறுகளில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று ஏறியிருப்பதும் உண்மை. குடிநீர் தேவைதான்.

கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். இங்கே சிலர் அதைக் கேட்டு, "எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் தர மறுக்கிறார்கள்" என்று கோபப்பட்டார்கள். அவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். 1930களிலிருந்து குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றுக் காடு வெட்டிக் கழனியாக்கியவர்களின் பிள்ளைகள். அவர்களில் பலரின் பாட்டன் பாட்டி குடாநாட்டவர். 2008, 2009 இல் எல்லாவற்றையும் விட்டோடி, முகாம்களில் இருந்து, 2009 இறுதியிலும் 2010 இலும்தான் திரும்பியவர்கள். வரம்பு கட்டி, விதைநெல் கடன் பட்டு நிற்கும் நேரத்தில் குளத்து நீரில் பங்கு கேட்கும் திட்டம் வருகிறது.

இரு தரப்பும் ஒரே குளத்தைப் பற்றித்தான் பேசின. பொறியியலாளர் பல வருட மழையைக் கூட்டிப் பிரித்துச் சராசரி பார்த்தார். அது அவர் கற்ற முறை. பெரிய வேலைகள் அப்படித்தான் செய்யப்படுகின்றன. கமக்காரர் பொல்லாத வருடத்தைப் பார்த்தார். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குளத்து நீரின் அளவைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். நீர் குறைந்த வருடத்தில் ஒரு பகுதியினர் விதைக்காமல் இருக்க வேண்டும். பத்து வருடச் சராசரியில் அவர்களுக்கு இலாபம் என்று சொன்னால், வங்கி அந்தப் பத்து வருடத்தையும் பொறுத்திருக்குமா? அவர்கள் கேட்டது உறுதிமொழி: நீர் குறைந்த வருடத்தில் முதல் உரிமை யாருக்கு, அதைத் தீர்மானிப்பவர் யார் என்று எழுதித் தாருங்கள் என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். சராசரியில் சிந்திப்பவருக்கு இந்தக் கேள்வியின் கனம் எளிதில் விளங்குவதில்லை.

ஆண்டுகள் இழுபட்டன. குழாய்கள் தாண்டன, தாங்கிகள் எழும்பின. அவற்றுக்குள் விடத் தண்ணீர் எங்கே என்ற கேள்வி மட்டும் நின்றது. கடைசியில் கடல்நீரை நன்னீராக்கும் வழி தெரிவாகியது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் அமைந்த நிலையம் 2024 ஓகஸ்ட் 2 ஆம் திகதி திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். அங்கும் கடற்றொழிலாளர் தமது கவலைகளைச் சொன்னார்கள். அது வேறு கதை.

இந்தத் தெரிவில் மூன்றாவது ஒரு சிந்தனைப் பாங்கைக் காண்கிறேன்: முரண்பாட்டைச் சுற்றிப் போகும் பாங்கு. வன்னியாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம், குடாநாட்டாருக்கும் பதில் சொல்லலாம், கடல் யாருக்கும் சொந்தமில்லை. நிருவாகத்தில் இது பெரிய சாமர்த்தியம். பலவேளை இதுதான் காரியத்தை நடத்துகிறது. கடல்நீரை வடிக்க மின்சாரம் நிறைய வேண்டும். அந்தச் செலவு வருடாவருடம் தொடரும். அதைவிட நமக்கு முக்கியமானது, அது குடிநீர் மட்டுமே என்பது. கோப்பாயின் வாழைக்கும், புத்தூரின் வெங்காயத்துக்கும், மீண்டு வந்த வளலாய்த் தோட்டங்களுக்கும் தண்ணீர் இன்னும் அந்தப் பழைய சுண்ணாம்புக் கல்லிலிருந்துதான் வரவேண்டும். குடிநீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று கோப்பு மூடப்படும்போது, தோட்ட நீரும் அதே கோப்புக்குள் மூடப்பட்டுவிடுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது.

எண்ணக்கூடியவை

மீள்குடியேற்றத் திட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2012 முதல் வடக்கிலும் கிழக்கிலும் பெருமளவில் நடந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, பகுதி பகுதியாக, வேலை முன்னேறும் அளவுக்கு வழங்கப்பட்டது. வீட்டுக்காரரே கட்டுவித்தார்கள். பல குடும்பங்களுக்கு அதுவே தலைக்குமேல் கூரை. ஆனால் வீடு எண்ணக்கூடிய பொருள். அத்திவாரம், சுவர், கூரை என்று படிப்படியாகப் படம் எடுத்துக் கோப்பில் வைக்கலாம். இருபது, முப்பது வருடம் பற்றை மண்டிக் கிடந்த ஆறு பரப்புத் தோட்டத்தின் மண்ணை, தூர்ந்த கிணற்றை, அழிந்துபோன எல்லை வேலியை அப்படி எண்ணுவது கடினம். எண்ணிக்கையில் சிந்திப்பவர் கெட்டவர் என்று இதற்குப் பொருள் இல்லை. அவரிடம் கணக்குக் கேட்பவர்கள் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள்.

நாமும் திட்டமிட்டவர்கள்தான்

சிந்தனைப் பாங்கு அலுவலர்களுக்கு மட்டும் உரியதல்ல. பங்குக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு, ஐந்து குடும்பங்கள், ஒரே கிணறு, முறை வைத்து இறைப்பு. ஒருவர் முறை தவறினால் அடுத்தவர் என்ன செய்வது, கிணறு கலக்கி இறைக்கும் செலவு யாருக்கு எவ்வளவு, இவையெல்லாம் காணி உறுதியிலும் வாய்ப்பேச்சிலும் தீர்ந்திருந்தன. இதைச் செய்தவர்கள் நீண்டகாலத் திட்டம் என்ற சொல்லைக் கேட்டதில்லை. துலாவும் பட்டையும் போய் இறைப்பு இயந்திரம் வந்தபோது, ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்ற இயற்கையான எல்லை போய்விட்டது. 1970களில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடுக்கப்பட்டு விலை ஏறிய நாட்களில் நாம் எல்லோரும் அந்தந்தப் போகத்தையே பார்த்தோம். கீழே ஏறும் உப்பைப் பார்க்கவில்லை. அலுவலரைக் குறை சொல்லும்போது இதையும் நினைவில் வைக்கலாம்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். கூட்டங்களில் ஆண்கள் வாய்க்கால், வீதி, அணை என்று பேசுவார்கள். பின்வரிசையில் இருக்கும் பெண்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு அவியாது, எந்த மாதத்திலிருந்து தேநீர் உப்புக் கரிக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். நீர்ப்பிரச்சினையின் நாட்குறிப்பு அவர்களிடம் இருக்கிறது. கூட்ட அறிக்கையில் அது ஏறுவதில்லை.

அலுவலரைச் சந்திக்கப் போகுமுன்

காணி விடுவிக்கப்பட்ட பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, பழைய கேணி ஒன்றைத் தூர்வாரி மழைநீரைத் தேக்க உதவி கேட்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பிரதேச செயலகத்திலோ, பிரதேச சபையிலோ, கமநல சேவை நிலையத்திலோ முன்னால் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதை அவர் கேட்கும் முதற் கேள்வியே காட்டிவிடும். "எவ்வளவு ஆழம், எத்தனை குடும்பம், எத்தனை பரப்பு?" என்று கேட்டால் அவருக்கு இலக்கங்கள் வேண்டும், கண்ணீர்க் கதையை அவர் கேட்பார், எழுதிக்கொள்ளமாட்டார். "இது இந்த வருடத்துக்குள் முடியுமா?" என்று கேட்டால், முடியக்கூடிய ஒரு துண்டைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்: இந்த வருடம் தூர்வாருதல், அடுத்த வருடம் வரத்து வாய்க்கால். அந்தத் துண்டு தனியே நின்றும் பயன் தரவேண்டும் என்பதை முள்ளியானிலிருந்து கற்றிருக்கிறோம். "இதற்கு யாராவது எதிர்ப்பா?" என்று கேட்பவர் முரண்பாட்டுக்கு அஞ்சுபவர். அவரிடம் போகுமுன் கேணிக்கு அயலிலுள்ள காணிக்காரரின் கையொப்பத்தை வாங்கிக்கொண்டு போவது நல்லது. எப்போதாவது ஒருவர், "இந்தக் கேணிக்கு வெள்ளம் எங்கிருந்து வருகிறது, நிரம்பினால் எங்கே போகிறது?" என்று கேட்பார். அவரை விட்டுவிடாதீர்கள். அவருக்கு ஊர் வரைபடம் ஒன்றைக் கையால் கீறிக் கொடுங்கள்.

உங்கள் சங்கத்திலிருந்து ஆட்களை அனுப்பும்போதும் ஒரேவிதமாக நினைக்கும் மூன்று பேரை அனுப்ப வேண்டாம். அவர்கள் போகும் வழியிலேயே ஒத்துப்போய்விடுவார்கள். அலுவலர் எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டால் மூவரும் ஒரே நேரத்தில் வாய்மூடி நிற்பார்கள். கணக்கு வைத்திருக்கும் ஒருவர், பழைய ஊரை மனதில் வைத்திருக்கும் ஒரு முதியவர், தேநீர் உப்புக் கரித்த மாதத்தைச் சொல்லக்கூடிய ஒரு பெண் என்று போகலாம்.

இலக்கங்கள் இல்லையே என்று பின்வாங்கவும் வேண்டியதில்லை. கிணற்றுக் கட்டில் ஓர் அடையாளம் இட்டு, கல் கட்டிய கயிறொன்றை விட்டு, கட்டிலிருந்து நீர்மட்டம் வரைக்கும் எத்தனை அடி என்று அளந்து கொப்பியில் எழுதுங்கள். புரட்டாதி முடிவில், மழைக்கு முன் ஒரு தடவை. தை நடுவில், மழை முடிந்தபின் ஒரு தடவை. அளக்கும் நாளில் இறைப்புத் தொடங்குமுன் காலையிலேயே அளக்க வேண்டும். பக்கத்தில் தண்ணீரின் ருசி, அந்தப் போகத்தில் என்ன பயிர், கிழமைக்கு எத்தனை இறைப்பு என்பதையும் எழுதுங்கள். பத்துக் கிணறு, மூன்று வருடம். அதுவரை அந்தப் பகுதியைப் பற்றி எந்த அலுவலக மேசையிலும் இல்லாத ஒரு கொப்பி உங்கள் கையில் இருக்கும்.